ஆழமுனையில் நாலு கை

அந்த நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவளுக்கு அக்கா வைத்த பெயர் நோண்டி. சும்மா வைக்கவில்லை. ஆறு வயதில் வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றி, முள் ஏன் ஒரே பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்த்தவள் அவள். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அப்பா அடித்த அடியில் அழுதுகொண்டே, “ஆனா உள்ளே ஒரு சுருள் இருக்குப்பா” என்று சொன்னாளாம். அக்கா இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பாள். முப்பத்தெட்டு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை, அவளும் நோண்டுவதை விடவில்லை.

நீச்சலுக்கும் அவள் அப்படித்தான் வந்து சேர்ந்தாள். பதினாலு வயதில்தான் தண்ணீரில் இறங்கினாள். போட்டி என்று வந்தால் எப்போதும் நாலாவதுதான், மூன்றாவது என்பது அவள் கைக்கு எட்டவே இல்லை. மற்றவர்களானால் அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். இவளோ கரையேறியதும் ஈரம் சொட்டச் சொட்ட முதலில் வந்தவளிடம் போய், “நீ தண்ணியைத் தள்ளுறப்ப உள்ளங்கை எந்தப் பக்கம் பாக்குது?” என்று கேட்பாள். அந்தப் பெண் இவளைப் பைத்தியம் என்று நினைத்து நகர்ந்துவிடுவாள். இப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த பதில்களை வைத்துத்தான் பின்னால் பயிற்சியாளர் ஆனாள். பகலில் அதே குளத்தின் நுழைவுச் சீட்டு அறையில் வேலை. காலையும் மாலையும் குளக்கரையில் கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப் வாட்சுமாக நிற்பாள். இருப்பது அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் ஓர் ஒற்றை அறை. ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தால், “பாக்கலாம்” என்பாள். அதை மட்டும் அவள் நோண்டிப் பார்த்ததில்லை.

அக்காவுக்கு ஒரே மகள், பதிமூன்று வயது. நடக்கும்போது பாதம் வெளிப்பக்கம் விரியும் என்பதால் குளத்தில் எல்லாரும் அவளை வாத்து என்று கூப்பிட்டார்கள், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கரையில் தட்டுத் தடுமாறுகிற அந்தப் பிள்ளை தண்ணீரில் மல்லாந்து படுத்துவிட்டால் வேறு ஆள். குளத்தில் சித்தியைக் ‘கோச்’ என்றுதான் கூப்பிட வேண்டும், வீட்டில்தான் ‘சித்தி’ என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

குளத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மராமத்து நடந்தது. ஆழமுனைச் சுவரில் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தது. நாலு மாதம் மூடிவைத்து வேலை பார்த்துத் திறந்தார்கள். நீல ஓடு பதித்து, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அதற்கப்புறம்தான் நோண்டியின் பிள்ளைகள் வேகமெடுத்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, எல்லாரும். அந்தச் சமயத்தில்தான் அவள் புதிதாக ஒரு பயிற்சி முறையைக் கொண்டுவந்திருந்தாள்: குறைந்த தூரம், அதிக ஓய்வு, ஒவ்வொரு கைவீச்சையும் எண்ணி நீந்துவது. சுவரில் தொங்கிய சாதனைப் பலகையில் பழைய பெயர்களை அழித்து அழித்துப் புதுப் பெயர்கள் எழுதினார்கள். நீச்சல் சங்கச் செயலாளர் மேடையில் அவளுக்குச் சால்வை போட்டார். கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தாள், அதை மறைப்பானேன்.

மல்லாந்து நீந்துகிறவர்களுக்குச் சுவர் கண்ணில் படாது. அதற்காகவே இரண்டு முனையிலும் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் குளத்துக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கொடிகள் கட்டிய கயிறு தலைக்கு மேலே தொங்கும். கொடியைத் தாண்டியதும் கை எண்ண வேண்டும். இத்தனையாவது கையில் சுவர் என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையில் புரண்டு, குட்டிக்கரணம் போட்டு, காலால் சுவரை உதைத்துத் திரும்ப வேண்டும். அந்தக் குளத்துப் பிள்ளைகளுக்குத் ஆழமில்லாத முனையில் ஐந்து கை, ஆழமுனையில் நாலு கை. ஏன் என்று கேட்டால், “ஆழத்துல தண்ணி வேகம்” என்பார்கள். புதிதாகச் சேருகிற பொடிசுகளுக்கும் பெரிய பிள்ளைகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நோண்டியின் காதிலும் அது விழுந்ததுதான். எதையும் விடாமல் குடைகிறவள் இதை மட்டும் எப்படி விட்டாள் என்பதுதான் வேடிக்கை. சால்வை போர்த்திய தோளுக்குக் கேள்வி கொஞ்சம் மெதுவாகத்தான் வரும் போலிருக்கிறது.

வெளியூர்ப் போட்டி ஒன்றில் அந்தச் சாயம் வெளுத்தது. வாத்து ஆழமுனையில் நாலு கை எண்ணிப் புரண்டாள், கரணம் போட்டாள், உதைத்தாள். கால் வெறும் தண்ணீரை உதைத்தது. சுவர் இன்னும் ஒரு சாண் தள்ளி இருந்தது. அப்படியே நின்று, தத்தளித்து, கடைசியில் ஆறாவதாக வந்தாள். பயம், பதற்றம், புது இடம் என்று எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு ஊரில் அதே கதை. அங்கே வாத்து மட்டுமில்லை, நோண்டி கூட்டிப்போன மூன்று பிள்ளைகளும் ஆழமுனையில் வெறும் தண்ணீரை உதைத்தார்கள்.

“மூணு பேருக்கும் ஒரே இடத்துல பயம் வருமா?” என்று திரும்பி வரும் பஸ்ஸில் அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் குளத்துக்கு வந்தவள் ஆழமுனையில் பத்துப் பாட்டில் மூடிகளை மிதக்கவிட்டு, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பார்த்தாள். தண்ணீர் ஓடினால் மூடியும் ஓட வேண்டும். அவை இருந்த இடத்திலேயே சோம்பேறிகளாகக் கிடந்தன. பம்ப் அறையிலிருந்து வெளியே வந்த பம்ப் அண்ணன், இருபத்தைந்து வருஷமாக அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்பவர், பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன கோச்சம்மா, தண்ணிக்குக் காய்ச்சலா?”

“ஆழத்துல தண்ணி வேகமாண்ணே?”

“குளத்துத் தண்ணி எங்க ஓடும்? நான் பம்பை நிறுத்தினா அதுவும் நின்னுரும்.”

“அப்ப ஏன் இந்தப் பக்கம் ஒரு கை குறையுது?”

பம்ப் அண்ணன் தாடையைச் சொறிந்தார். “கை கணக்கு எனக்குத் தெரியாது. கயிறு கணக்கு தெரியும். மராமத்துக்கு அப்புறம், லேன் பிரிக்க நீளவாக்குல கட்டுற கயிறு எல்லாமே தொளதொளன்னு தொங்குச்சு. வெயில்ல நீண்டுருச்சு போலன்னு ஒவ்வொரு கயித்துலயும் நாலஞ்சு மிதவையைக் கழட்டிட்டு இழுத்துக் கட்டினேன்.”

நோண்டி எழுந்து நின்றுவிட்டாள். ஆறு கயிறும் ஒரே அளவுக்கு நீளுமா? கயிறு நீளவில்லை என்றால் எது குறைந்தது? டேப் எடுத்துவரச் சொன்னாள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. கடிகாரத்துக்குள் சுருளைப் பார்த்தபோது துள்ளிய அதே சந்தோஷம்.

கொடிக் கயிறு கட்டிய கம்பத்திலிருந்து ஆழமுனைச் சுவர்வரை டேப் பிடித்தார்கள். ஐந்து மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு மீட்டர் எழுபத்தொன்று. கம்பம் கரையில் புதைத்தது, நகரவில்லை. பிறகு முழு நீளத்தையும் அளந்தார்கள். டேப் தொய்யாமல் இழுத்துப் பிடித்து, மூன்று தரம், மூன்று பாதையில். இருபத்தைந்து மீட்டர்க் குளம் இருபத்து நாலு எழுபத்தொன்றுதான் இருந்தது. மராமத்துக்காரர்கள் விரிசல் விட்ட சுவரை இடிக்காமல், அதற்கு முன்னாலேயே இன்னொரு சுவரை எழுப்பி, நீல ஓடு பதித்து, பூசி மெழுகிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு வருஷமாக அத்தனை பேரும் அந்தக் குறைந்த குளத்தில் நீந்தி, கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“இருபத்தொன்பது சென்டி” என்றார் பம்ப் அண்ணன். “யாருக்குத் தெரியப்போகுது? கண்டுக்காம விடுங்க.”

விடலாம்தான். ஆனால் வாத்து விளையாட்டு விடுதிப் பள்ளிக்குத் தேர்வாகியிருந்தாள். நூறு மீட்டர் மல்லாந்த நீச்சலை ஒரு நிமிஷம் பதினாலு நொடிக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த வரம்பு. வாத்து இதே குளத்தில் நடந்த போட்டியில் பதிமூன்று புள்ளி நாற்பத்திரண்டில் முடித்திருந்தாள். நேரத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டது சித்தி. அந்தப் பள்ளி வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கும், பதிமூன்று வயதுக்கு மேல் எடுக்காது. வாத்துக்கு இதுதான் முதலும் கடைசியும்.

நோண்டி சீட்டு அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நாலு நீளம், நீளத்துக்கு இருபத்தொன்பது சென்டி. மொத்தம் ஒரு மீட்டர் பதினாறு. வாத்தின் வேகத்துக்கு அது புள்ளி எண்பத்தாறு நொடி. கூட்டினால் பதினாலு புள்ளி இருபத்தெட்டு. வரம்பைத் தாண்டிவிட்டது. மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தாள், மூன்று விதமாகவும் அதேதான் வந்தது. அப்புறம்தான் இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்தது. பிள்ளைகளை வேகமாக்கியது அவளா, அந்தச் சுவரா? போர்த்திய சால்வை யாருக்கு?

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பிள்ளைகளைப் பார்த்து விசில் ஊதும்போதெல்லாம், பொய் சொல்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் மாலை அக்கா வீட்டுச் சமையலறையில், அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது, ஒன்று விடாமல் சொன்னாள்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“யார் அளக்கச் சொன்னது உன்னை?”

“யாரும் சொல்லலக்கா. பிள்ளைங்க காலுக்குச் சுவர் கிடைக்கல, அதான்…”

“அதான் என் பொண்ணு தலையில கல்லைத் தூக்கிப் போடலாம்னு தோணுச்சா? விடுதியில சேர்றதுக்கு அவளுக்குப் பெட்டி வாங்கி வச்சிருக்கேன் நான். ஊர்ல எத்தனை பேர் எதை எதையோ மறைக்கிறாங்க. உனக்கு ஒரு சாண் சுவத்தை மறைக்க முடியல.”

“நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா.”

“அவ உனக்கும் பொண்ணு மாதிரின்னு சொல்லுவியே, அதுல கையெழுத்துப் போடலையா நீ?”

வாத்து கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. “அப்ப அந்த ஊர்ல நான் சரியாத்தான் எண்ணினேனா சித்தி?” என்று மட்டும் கேட்டாள்.

“சரியாத்தான் எண்ணினே.”

“எல்லாரும் நான் பயந்துட்டேன்னு சொன்னாங்க” என்றாள் வாத்து. அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததை நோண்டி பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை, அவள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது வெங்காயத்தால் இல்லை. அன்றிலிருந்து அக்கா தங்கையிடம் பேசுவதை நிறுத்தினாள். நோண்டி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை, கடையில் ரொட்டி வாங்கித் தின்றாள்.

சங்கத்துக்கு எழுதிப்போட்டாள். செயலாளர் குதித்தார், பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். “மத்த கோச்சுங்க நேரத்தைக் குறைக்கப் பாக்குறாங்க, எங்க கோச்சு கூட்டுறாங்க” என்று ஓர் அப்பா அவள் காதுபடவே சொன்னார். சாதனைப் பலகையை அவளே ஏணி போட்டு ஏறி ஈரத்துணியால் துடைத்தாள். வாத்தின் நேரம் செல்லாது என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு நல்ல வரி அதில் இருந்தது: பிள்ளையின் தவறு இல்லை என்பதால், பதினைந்து நாள் கழித்து, அளவுச் சான்று பெற்ற குளத்தில் மறுபடி நீந்திக் காட்டலாம்.

பம்ப் அண்ணன் கம்பத்தைப் பிடுங்கி இருபத்தொன்பது சென்டி உள்ளே தள்ளி நட்டார். இப்போது ஆழமுனையிலும் ஐந்து கை. இரண்டு வருஷமாக நாலு எண்ணிய உடம்பு லேசில் கேட்குமா? நாலாவது கையிலேயே வாத்து புரண்டு புரண்டு வெறும் தண்ணீரை உதைத்தாள். நோண்டி கரையில் மண்டியிட்டு, சுவரைக் கையால் தட்டித் தட்டி, “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு” என்றாள். பத்தாவது நாள் கால் சுவரில் படார் என்று விழுந்தது. வாத்து தலையைத் தூக்கிச் சிரித்தாள்.

மறு தேர்வு நாளன்று நோண்டி எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அக்கா வந்திருந்தாள். பேச்சு கிடையாது, முகம் வேறு பக்கம். கையில் ஒரு பை. நேரே தேர்வு மேற்பார்வையாளரிடம் போய், பையிலிருந்து முப்பது மீட்டர் டேப் ஒன்றை எடுத்து நீட்டினாள். கடை ஒட்டிய விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

“என் பொண்ணு இறங்குறதுக்கு முன்னாடி இதை அளந்து காட்டுங்க.”

“சான்றிதழ் இருக்கும்மா.”

“இருக்கட்டும். எங்க குளத்துக்கும் ஒரு காலத்துல இருந்துச்சு.”

மேற்பார்வையாளர் பொறுமைசாலி. சிரித்துவிட்டு, சரி என்றார். டேப்பின் ஒரு முனையை அக்கா பிடித்தாள். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே. நோண்டி போய்ப் பிடித்தாள். இத்தனை நாளாகப் பேசாத இரண்டு பேரும் குளத்தின் இரண்டு முனையிலும் குனிந்து, டேப்பை விண்ணென்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேற்பார்வையாளர் படித்தார்: இருபத்தைந்து மீட்டர், இரண்டு சென்டி.

“ரெண்டு சென்டி கூட இருக்கே” என்றாள் அக்கா.

“கூட இருக்கலாம்மா. மூணு சென்டி வரைக்கும் விதி ஒத்துக்குது. குறையத்தான் கூடாது, மயிரிழைகூட.”

வாத்து இறங்கினாள். நோண்டி கையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது, ஆனால் அவள் அதைப் பார்க்கவில்லை, வாயசைத்துக் கை எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் திருப்பம் சுத்தம். ஐம்பதாவது மீட்டரில் ஆழமுனை. கொடி தாண்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நோண்டி வாய்க்குள், “இன்னும் ஒண்ணு” என்றாள். ஐந்து. புரண்டாள், கால் சுவரில் விழுந்த சத்தம் கரைவரை கேட்டது. பக்கத்தில் அக்கா தன் சேலைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிக் கசக்கிக்கொண்டிருந்தாள். கடைசி இருபத்தைந்தில் வாத்தின் தோள் கனத்தது தெரிந்தது. ஆனாலும் கை விடவில்லை, சுவரைத் தொட்டாள்.

ஒரு நிமிஷம், பதினாலு புள்ளி பூஜ்யம் ஐந்து.

வரம்புக்கு மேலே நொடியில் நூறில் ஐந்து பங்கு. கண் சிமிட்டுவதற்குக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும். நோண்டியின் மனசு அவளைக் கேட்காமலே கணக்குப் போட்டது. நீளத்துக்கு இரண்டு சென்டி அதிகம், நாலு நீளத்துக்கு எட்டு. வாத்தின் வேகத்துக்கு எட்டு சென்டி என்றால் நூறில் ஆறு. சரியாக இருபத்தைந்து மீட்டர் இருந்திருந்தால் பிள்ளை வரம்புக்குள் வந்திருப்பாள். இந்தக் கணக்கு தெரியாத ஆளாக இருந்திருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது.

மேற்பார்வையாளரிடம் போய் அதைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

“உங்க கணக்கு சரிதான் கோச். உங்க குளம் குறைஞ்சதுன்னு எழுதினதும் நீங்கதானே? நீங்களே சொல்லுங்க. கூட இருந்தா கழிச்சுக்கலாம்னு விதியில எங்கயாவது இருக்கா?”

“இல்லை சார்.”

“நான் என்ன செய்ய?” என்றார் அவர். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

வாத்து துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். பல் கிடுகிடுவென்று அடித்தது. சித்தி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். நோண்டி எதையும் மறைக்கவில்லை. அந்த எட்டு சென்டியையும் சொன்னாள்.

“அப்ப நான் முடிச்சுட்டேன்” என்றாள் வாத்து.

“முடிச்சுட்டே.”

“ஆனா போக முடியாது.”

“போக முடியாதுடி.” அத்தனை பேர் நடுவில், கழுத்தில் விசிலோடு, குழந்தை மாதிரி அழுதாள். வாத்து ஈரக் கையால் சித்தியின் முதுகைத் தட்டினாள். சமாதானம் யார் யாருக்குச் செய்ய வேண்டும் என்பது தலைகீழாகிவிட்டது.

பஸ்ஸில் மூன்று பேர் இருக்கை. வாத்து ஜன்னலோரம் தூங்கிப்போனாள். நடுவில் அக்கா, ஓரத்தில் நோண்டி. பாதி வழிவரை அக்கா டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

“நீ அளந்தது தப்பில்ல. அது எனக்குத் தெரியுது. ஆனா என் பொண்ணு போக முடியாமப் போச்சே, அதை உன்கிட்ட எப்படி ஆத்திக்கிறதுன்னு தெரியல. கோபம் இருக்கு. சீக்கிரத்துல போகாது.”

“சரிக்கா.”

“அதுக்காக ரொட்டியைத் தின்னுட்டுக் கிடக்காதே. கோபம் தீர்ற வரைக்கும் வீட்டுக்கு வந்து, பேசாம சாப்பிட்டுட்டுப் போ.”